பாடநூலும் மீட்டல் நூலும்: உயர்தர வகுப்பிலே நூற்றெரிவு பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ்த் திறனாய்வு பல தசாப்தங்களாகக் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகிய ஆக்கவிலக்கிய வடிவங்களையே பெரும்பாலும் தனது பொருளாகக் கொண்டு வந்துள்ளது. எனினும், பதினாறு வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட தமிழ் இளைஞர் மிகக் கவனத்தோடும் அச்சத்தோடும் திரும்பத் திரும்பவும் வாசிக்கும் உரைநடை, இவ்வடிவங்களுள் எதனையும் சார்ந்ததன்று. அவர்கள் வாசிப்பவை க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கென எழுதப்படும் பாடநூல்கள், மீட்டல் நூல்கள், வினாவிடைத் தொகுப்புகள், ரியூட்டரிக் குறிப்புகள் ஆகியனவே. ஒரு நாவலைப் பற்றி நான்கு கட்டுரைகள் எழுதுகின்ற நாம், ஓர் இளைஞனின் சிந்தனை முறையையே வார்த்தெடுக்கும் இந்நூல்களைப் பற்றி நான்கு வரிகள்தானும் எழுதுவதில்லை. அவை விளம்பரத்தாலும், ஆசிரியரின் பெயராலும், சென்ற ஆண்டு மூன்று ‘ஏ’ பெற்ற மாணவரின் வாய்மொழியாலுமே தெரிவு செய்யப்படுகின்றன.

நூற்றெரிவு என்பது மாணவனின் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு என்று கொள்ளப்படுவதே இந்த அலட்சியத்திற்கு அடிப்படை எனலாம். உண்மையில் அத்தெரிவு அவன் கடையிற் காலடி வைக்குமுன்னரே பெருமளவுக்கு நிகழ்ந்துவிடுகிறது. எந்நூல் அச்சாகிறது, எந்த மொழியிலே அச்சாகிறது, பாடசாலை நூலகத்தில் எது இருக்கிறது, வினாத்தாள் எதனைக் கேட்கிறது என்பவற்றை அவன் தீர்மானிப்பதில்லை. அவன் தீர்மானிப்பது எஞ்சிய சிறு பகுதியையே. அச்சிறு பகுதியையாவது அவன் அறிவோடு தீர்மானிக்க உதவுவது விமர்சகனின் கடன் என்பது எமது கருத்து.

வரலாற்று அடிப்படையிற் சில செய்திகளை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். தமிழிலே உயர்கல்விக்கான பாடநூல் என்பது எமக்குப் புதிய கருத்தன்று. 1847 இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயிற் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க முற்பட்டபோது, நூலின்றிக் கற்பித்தல் இயலாது என்பதை உணர்ந்து மொழிபெயர்ப்பிலும் கலைச்சொல்லாக்கத்திலும் ஈடுபட்டார். ஆறுமுக நாவலர் பாலபாடங்களை எழுதியதும், மதத் தேவைகளுக்கு அப்பால், பாடநூலே கல்வியை ஆளுகிறது என்ற தெளிவினாலேயே ஆகும். 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், பின்னர் சுயமொழிப் போதனை படிப்படியாக மேல்வகுப்புகளை எட்டியதும் தமிழிலே விஞ்ஞான, கலைப்பாட நூல்களின் தேவையைப் பெருக்கின. அரசகரும மொழித் திணைக்களம் அக்காலத்தில் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நூல்களை இன்று எடுத்துப் பார்ப்போர் அவற்றின் மொழி நடையைக் கண்டு மலைப்பது இயல்பே. ஒரே வாக்கியம் அரைப்பக்கத்துக்கு ஓடும். புணர்ச்சி விதிகள் சற்றும் விட்டுக்கொடுக்கப்பட்டிரா. ஆயினும் அந்நூல்களிலே ஒரு பண்பு இருந்தது. ஒரு முடிவு கூறப்படுமாயின் அம்முடிவுக்கு வந்த வழியும் கூறப்பட்டது. கடினமான தமிழிலேனும் நிறுவல் முழுமையாக இருந்தது. ஆங்கிலம் வாசிக்கக்கூடியோர் நெல்கன், பார்க்கர் ஆகிய இருவரும் எழுதி 1958 இல் முதற்பதிப்புக் கண்ட பௌதிக நூலையும், லோனி, ராம்சே ஆகியோரின் கணித நூல்களையும் பயன்படுத்தினர். அவையும் இப்பண்பு உடையனவே.

1980 இல் இலவசப் பாடநூல் விநியோகம் தொடங்கிற்று. இது பெரும் சமூக நன்மை; இதனைக் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது. மலையகத்துத் தோட்டப் பாடசாலையிற் பயிலும் பிள்ளையின் கையிலும் கொழும்பின் புகழ்பெற்ற கல்லூரியிற் பயிலும் பிள்ளையின் கையிலும் ஒரே நூலை வைத்த செயல் அது. ஆனால் அச்சமத்துவம் பதினோராம் தரத்தோடு நின்றுவிடுகிறது. பன்னிரண்டாம் தரத்துள் நுழையும் மாணவன், அதாவது பல்கலைக்கழக வாயிலிலே நிற்கும் மாணவன், அரசின் கையிலிருந்து நழுவிச் சந்தையின் கையில் விழுகிறான். எவ்விடத்தில் நூல் மிக இன்றியமையாததாகின்றதோ அவ்விடத்திலேயே அது தனியார் பண்டமாகின்றது. உயர்தர வகுப்பின் நூற்றெரிவு பற்றிய எந்த ஆராய்ச்சியும் இவ்வுண்மையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இவ்விடைவெளியை நிரப்புவதற்கு அரசின் தரப்பில் எதுவுமே செய்யப்படவில்லை என்பது நியாயமாகாது. 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டங்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் சில பாடங்களுக்கு வளநூல்களையும் வெளியிட்டு வருகிறது. அவற்றை இன்று அதன் இணையத்தளத்திலே கட்டணமின்றிப் பெறலாம். ஆயின் ஆசிரியர் வழிகாட்டி என்பது பாடநூல் அன்று. எத்தேர்ச்சி மட்டத்துக்கு எத்தனை பாடவேளைகள், எக்கற்றற் பேறு எதிர்பார்க்கப்படுகிறது, வகுப்பறையில் எச்செயற்பாடு நிகழ வேண்டும் என்பவற்றை ஆசிரியருக்குக் கூறும் நூல் அது. விடயத்தை அறிந்த ஒருவருக்கு, அதனை எவ்வாறு கற்பிப்பது என்று சொல்வதே அதன் நோக்கம். விடயத்தை அறியாத மாணவன் அதனையே பாடநூலாகக் கொள்ள நேரும்போது, சமையற்காரருக்கு எழுதப்பட்ட பொருட்பட்டியலை உண்ணக் கொடுத்தது போலாகிறது. வளநூல்கள் இதனினும் மேலானவை. எனினும் அவற்றிற் சிலவற்றின் தமிழ் வடிவம் பிறமொழி மூலத்திலிருந்து அவசரமாகப் பெயர்க்கப்பட்டமைக்கான தடயங்களைத் தாங்கியுள்ளது. எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று தேடி அலையும் வாக்கியங்களை அவற்றுட் காணலாம்.

இந்நிலையிலே பரீட்சையின் பாரம் வேறு. 1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 அளவில் மாவட்டப் பங்கீடும் புகுத்தப்பட்டபோது, தமிழ்ச் சமூகத்தில் உயர்தரப் பரீட்சை கல்வி அளவுகோல் என்ற நிலையிலிருந்து இனத்தின் எதிர்காலம் குறித்த வினாவாகவே மாறிற்று. அதன் அரசியல் விளைவுகள் யாவரும் அறிந்தவை. இங்கு எமக்கு வேண்டியது அதன் கல்வி விளைவு. ஒவ்வொரு புள்ளியும் வாழ்வா சாவா என்றாகியபோது, புள்ளியைத் தராத எதுவும் வீண் என்ற மனப்பாங்கு வேரூன்றியது. 2000 ஆம் ஆண்டுப் பரீட்சையோடு பாடங்களின் தொகை நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. தூய கணிதமும் பிரயோக கணிதமும் இணைந்த கணிதமாயின. தாவரவியலும் விலங்கியலும் உயிரியலாயின. அதன்பின் வந்த இசட் புள்ளி முறை நான்கு தசமதானங்கள் வரை மாணவரை வேறுபடுத்துகிறது. திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் எனப் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்கள் பங்கிடப்படும் இன்றைய ஏற்பாட்டிலே, பௌதிகவியலின் 50 பல்தேர்வு வினாக்களுள் ஒன்று பிழைத்தாலும் பல படிகள் கீழிறங்க நேரலாம். இரண்டு மணித்தியாலத்தில் ஐம்பது வினாக்கள் என்னும்போது, சிந்திப்பது ஆபத்தானதாகவும் நினைவுகூர்வது பாதுகாப்பானதாகவும் மாணவனுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. மீட்டல் நூல் இந்த அச்சத்தின் குழந்தை.

மீட்டல் நூலின் குறை என்ன? பிழைகள் மலிந்திருத்தல் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. பிழை உண்டு என்பது உண்மையே. ஆயினும் அதுவன்று பிரதான குறை. பிழையான நூலை ஒரு நல்ல ஆசிரியர் ஒரு வாரத்தில் இனங்கண்டுவிடுவார். சரியான வாக்கியங்களை அவற்றின் நிபந்தனைகளிலிருந்து வெட்டியெடுத்துத் தரும் நூலே ஆபத்தானது; ஏனெனில் அதிற் பிழை பிடிக்க முடியாது. இதனை உதாரணங்கொண்டு விளக்குதல் அவசியம்.

பௌதிகவியலில் உயர்த்தியொன்றினுள் நிற்கும் மனிதன் பற்றிய கணக்கு யாவருக்கும் பழக்கமானது. மீட்டற் குறிப்புகளிலே இது பெரும்பாலும் இரண்டு வரிகளாக வரும். உயர்த்தி மேற்செல்லும்போது ஈர்ப்பு ஆர்முடுகலோடு உயர்த்தியின் ஆர்முடுகலைக் கூட்டுக, கீழ்ச்செல்லும்போது கழிக்குக. பெட்டியிட்டுக் காட்டப்பட்ட இவ்விரு வரிகளும் பல வினாக்களுக்குச் சரியான விடையைத் தரும். ஆனால் மேலே செல்லும் உயர்த்தி தனது மாடியை அணுகும்போது அமர்முடுகுகிறது. அப்பொழுது அது இன்னமும் மேலேதான் செல்கிறது. அதன் ஆர்முடுகலோ கீழ்நோக்கியது. 50 கிலோகிராம் திணிவுடைய ஒருவர், ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்றும் உயர்த்தியின் அமர்முடுகலை 2 என்றும் கொண்டால், தளத்தின்மீது 400 நியூற்றன் விசையையே பிரயோகிப்பார். பெட்டிக்குள் இருந்த விதியை நம்பியவன் 600 என எழுதுவான். விதியிற் குற்றமில்லை என நூலாசிரியர் வாதிடலாம். மேல்நோக்கி ஆர்முடுகும்போது என்றே தாம் கருதியதாகவும் கூறலாம். கருதியதை எழுதாமல் விட்டதே குற்றம். நியூற்றனின் இரண்டாம் விதியிலிருந்து தொடங்கி, திசையொன்றை நேராகக் கொண்டு, சமன்பாட்டை எழுதக் கற்றவனுக்கு இவ்விரு வரிகளும் தேவையே இல்லை. அவற்றை மனனம் செய்தவனுக்கோ நியூற்றனின் விதி தேவையற்றதாகத் தோன்றுகிறது. ஒரு நூலின் தரத்தை அளக்க இதனினும் நல்ல இடம் கிடைப்பது அரிது. உயர்தரப் பௌதிக நூலொன்றைக் கடையில் எடுப்பவர் முதலில் இந்த உயர்த்திக் கணக்கைப் புரட்டிப் பார்த்தாற் போதும் என்று கூறவும் நாம் துணிவோம்.

இரசாயனவியலிலும் இதற்கு ஒப்பான இடமுண்டு. அமுக்கத்தைக் கூட்டினால் வாயுச் சமநிலையானது மூல் எண்ணிக்கை குறைந்த பக்கத்துக்கு நகரும் என்பது குறிப்பேடுகளின் பொதுவாசகம். அமோனியாத் தொகுப்பிலே நைதரசன் ஒரு மூலும் ஐதரசன் மூன்று மூலும் சேர்ந்து அமோனியா இரண்டு மூல் தோன்றுவதால், அமுக்கம் கூட அமோனியா கூடும். சரி. ஆனால் கனவளவு மாறாத கொள்கலத்தினுள், தாக்கத்திற் பங்குகொள்ளாத ஈலியம் போன்ற வாயுவொன்றைச் செலுத்தினால் மொத்த அமுக்கம் கூடும்; சமநிலையோ அசையாது. தாக்கத்திற் பங்குகொள்ளும் வாயுக்களின் பகுதியமுக்கங்கள் மாறவில்லை என்பதே காரணம். அதே வாயுவை அமுக்கம் மாறாதவாறு செலுத்தினால் கனவளவு விரியும், பகுதியமுக்கங்கள் குறையும், சமநிலை மறுபக்கம் நகரும். இம்மூன்று நிலைகளையும் மூன்று தனித்தனி விதிகளாக அட்டவணைப்படுத்தித் தரும் நூல்களை நாம் கண்டுள்ளோம். மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே கருத்து என்பதை ஒரு பத்தியில் எழுதியிருந்தால் அட்டவணைக்கே இடமிராது. அட்டவணை விற்கிறது, பத்தி விற்பதில்லை.

கலைப்பாடங்களில் இந்நோய் வேறு வடிவம் கொள்கிறது. அங்கே பட்டியலே அரசன். அரசியல் விஞ்ஞானத்திலும் வரலாற்றிலும் 1931 ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் யாப்பு, ‘நன்மைகள்’, ‘தீமைகள்’ என இரு தலைப்புகளின் கீழ் எண்ணிட்டுத் தரப்படும். முதலாவது நன்மை சர்வசன வாக்குரிமை. வேறோர் அத்தியாயத்திலே, தேசிய இயக்கங்கள் என்ற தலைப்பின் கீழ், அதே ஆண்டிலே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் முன்முயற்சியால் வடபகுதியில் அரசாங்க சபைத் தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டமை இன்னொரு பட்டியலில் ஓர் இலக்கமாக வரும். உழைக்கும் மக்களின் கைக்கு வாக்கு முதன்முதலாக வந்த ஆண்டும், முழுச் சுயராச்சியம் தரப்படவில்லை என்று அவ்வாக்கைப் பயன்படுத்த மறுத்த ஆண்டும் ஒன்றே. பொன்னம்பலம் இராமநாதன் போன்ற மேற்றட்டுத் தலைவர்கள் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தமைக்கான காரணமும், வாலிபர் காங்கிரசு யாப்பை எதிர்த்தமைக்கான காரணமும் முற்றிலும் மாறுபட்டவை. இவ்விரு எதிர்ப்புகளையும் ஒருங்கே வைத்து நோக்கும் மாணவனிடம் வர்க்கம், தேசியம், சாதி ஆகியவற்றின் பிணைப்புப் பற்றிய வினா தானாகவே எழும். இரு பட்டியல்களிலே பிரித்து வைக்கப்பட்டால் அவ்வினா எழுவதற்கு இடமேயில்லை. பட்டியல் நடுநிலையான வடிவம் என்று கருதுவோர் உளர். காரணங்களை ஒன்றோடொன்று தொடர்பற்றனவாகவும் ஒரே நிறையுடையனவாகவும் காட்டும் வடிவம் தன்னளவிலேயே ஒரு கருத்துநிலை என்பது எமது துணிபு.

தமிழ்ப் பாடத்தைப் பற்றிச் சொல்லாது விடுதல் இச்சஞ்சிகைக்கு அழகன்று. கவிதை நயத்தலுக்கான வழிகாட்டிகளிலே ஓசை நயம், சொல்லாட்சி, உவமை, உருவகம், உணர்ச்சி வெளிப்பாடு என்னும் தலைப்புகள் எக்கவிதைக்கும் பொருந்தும் வண்ணம் தயாராக உள்ளன. சங்கப் பாட்டும் சமகாலக் கவிதையும் ஒரே அளவான சட்டையை அணிந்து வருகின்றன. அத்தலைப்புகளைக் கற்று, நல்ல புள்ளி பெற்று, தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கப் பல்கலைக்கழகம் வரும் மாணவரிடம் ஒரு கவிதையைக் கொடுத்து இதில் யார் யாரிடம் பேசுகிறார் என்று கேட்டால் மௌனமே பதிலாக வருகிறது. விரிவுரையாளர் பலருக்கும் இது அனுபவம். குற்றத்தை மாணவர்மீது சுமத்துவது எளிது. பத்தொன்பது வயதுவரை ஒரு நூலையேனும் முதலிலிருந்து முடிவுவரை வாசிக்கத் தேவையே ஏற்படாத கல்வியின் விளைவு அது.

நூற்றெரிவில் மொழி பற்றிய பிரச்சினை தனியே ஆராயத்தக்கது. தமிழ்நாட்டு அரசு 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் இணையத்திலே இலவசமாகக் கிடைக்கின்றன. படங்கள், எடுத்துக்காட்டுகள், பயிற்சிகள் என்பவற்றில் அவை வளமானவை. அவற்றை எமது மாணவர் பயன்படுத்துவது வரவேற்கத்தக்கதே. கலத்தை அவர்கள் செல் என்பதும், இழையத்தைத் திசு என்பதும், ஒளித்தொகுப்பை ஒளிச்சேர்க்கை என்பதும், ஒட்சிசனை ஆக்ஸிஜன் என்பதும் தடையாகா. ஒரு வாரப் பழக்கத்தில் அவை தெளிவாகும். காவியைத் திசையன் என்றும், தாயத்தை அணி என்றும் அறிந்துகொள்வதும் கடினமன்று. இடர் வேறிடத்தில் உள்ளது. ஒரே சொல் இரு நாடுகளிலும் இரு பொருளைத் தரும் இடங்கள் சில உண்டு. இலங்கைப் பாடநூல்களிலே திணிவு வேறு, நிறை வேறு. நிறை என்பது புவி ஈர்க்கும் விசை. தமிழ்நாட்டு நூல்களில் நாம் திணிவு என்பதே நிறை எனப்படும். நாம் நிறை என்பது அங்கே எடை. அவ்வாறே நாம் கதி என்பதை அவர்கள் வேகம் என்பர்; நாம் வேகம் என்பது அவர்களுக்குத் திசைவேகம். எனவே, நிறை மாறாதது என்று ஒரு நூலிலும் நிறை இடத்துக்கிடம் மாறும் என்று இன்னொன்றிலும் வாசிக்கும் மாணவன், இரண்டும் சரி என்பதை யாரேனும் எடுத்துச் சொல்லாவிடின் பௌதிகவியலையே ஐயுறுவான். அறியாத சொல் மாணவனை நிறுத்தி அகராதியைப் பார்க்க வைக்கும். அறிந்த சொல் வேறு பொருளில் வரும்போது அவன் நிற்பதில்லை. இரு நாட்டுச் சொற்களையும் ஒப்பிட்டு நான்கு பக்கத்தில் ஓர் அட்டவணையை எந்த மீட்டல் நூலாவது பின்னிணைப்பாகத் தந்திருந்தால் அதனை நாம் மனமார வரவேற்றிருப்போம். அட்டவணை பயன்படக்கூடிய ஒரே இடம் இது.

இனி, நூலைத் தெரிவு செய்யும் மாணவனும் அவனுக்கு உதவும் ஆசிரியரும் எதனைக் கவனிக்க வேண்டும் என்பது பற்றிச் சில. முதலிலே நூல் எப்பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். 2017 இற் பன்னிரண்டாம் தரத்தில் அறிமுகமாகி 2019 இல் முதன்முறை பரீட்சிக்கப்பட்ட திருத்திய பாடத்திட்டத்துக்கும் அதற்கு முந்தியதற்கும் வேறுபாடுகள் உண்டு. அவ்வாண்டிலே பழைய, புதிய பாடத்திட்டங்களுக்கு வெவ்வேறு வினாத்தாள்களே வழங்கப்பட்டன. பழைய நூலுக்குப் புதிய அட்டை போட்டு விற்கும் வழக்கம் உள்ளமையால் அட்டையை நம்பாது பொருளடக்கத்தைத் தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தோடு ஒப்பிட வேண்டும். ஆயினும் பழைய நூல் என்ற காரணத்தால் ஒன்றைத் தள்ளிவிடுதலும் தவறு. இயக்கவியலோ வகையீடோ பாடத்திட்டத்தோடு மாறுவதில்லை. நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்திலே பாதுகாக்கப்பட்டுள்ள பழைய பாடநூல்களிற் பல, இன்றைய பளபளப்பான கையேடுகளைவிட அடிப்படைகளை நன்கு விளக்குகின்றன.

அடுத்து, விடைகள் எவ்வாறு தரப்பட்டுள்ளன என்பது முக்கியம். விடை எழுத்தை மட்டும் தரும் பல்தேர்வுத் தொகுப்பு வீண். ஏனைய நான்கு தெரிவுகளும் ஏன் பொருந்தா என்று கூறுவதே பயனுள்ளது. இணைந்த கணிதத்தில் இருபுறமும் வர்க்கிக்கும்போது பொய்யான மூலம் ஒன்று நுழையலாம் என்பதையும், பூச்சியமாகக்கூடிய ஒன்றால் வகுக்கும்போது உண்மையான மூலம் ஒன்று தொலையலாம் என்பதையும் செய்கையினூடே நினைவூட்டாத விடைத் தொகுப்பை ஒதுக்கிவிடலாம். கடந்தகால வினாத்தாள்களைப் பொறுத்தவரை, தனியார் விடைகளை வாங்குமுன் பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளித்திட்டங்களையும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் தேடுதல் நன்று. மாணவர் எங்கே இடறினர் என்பதைப் பரீட்சகர்களே கூறும் இவ்வறிக்கைகள் பல பாடசாலைகளில் அதிபரின் அலுமாரியிலே பிரிக்கப்படாத பொதியாகக் கிடப்பதை நாம் அறிவோம். மீட்டல் நூலை எப்போது வாங்குவது என்பதும் எதனை வாங்குவது என்பதைப் போன்றே முக்கியமானது. பன்னிரண்டாம் தரத்தின் முதல் மாதத்தில் அதனை வாங்குபவன் மீட்பதற்கு எதுவுமில்லாமலே மீட்கிறான்.

இவ்வாறு கூறும்போது ஓர் எதிர்வாதம் எழும். அது வலுவான வாதம். முழு நூல்களை வாசிக்கும் வசதி யாருக்கு உண்டு? நுவரெலியாவிலோ வன்னியிலோ படுவான்கரையிலோ, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையிற் பயிலும் மாணவனுக்கு மீட்டல் நூலே ஆசிரியர். அதனைப் பழிப்பது நகர்ப்புறத்து அறிவாளியின் ஆடம்பரம் என்று கூறலாம். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி வகைப் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் எவ்வளவு அருமை என்பதை அறிந்தோர் இவ்வாதத்தை எளிதில் தள்ளமாட்டார். 2022 மார்ச்சில் அச்சுத்தாள் இன்மையால் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்ட நெருக்கடிக்குப் பின், நூல் விலை ஏறிய வேகத்தில் இரண்டாவது நூலொன்றை வாங்குவதே பல குடும்பங்களுக்கு இயலாத காரியமாயிற்று. இருந்த பணத்துக்கு ஒன்றுதான் வாங்கலாமென்றால் அவர்கள் வாங்கியது மெல்லிய நூலையே.

எமது பதில், இவ்வாதம் எமது முடிவை மறுக்கவில்லை, மேலும் கூர்மையாக்குகிறது என்பதாகும். வசதியுள்ள மாணவன் மோசமான மீட்டல் நூலினாற் பெரிதும் கெடுவதில்லை. உயர்த்திக் கணக்கின் நிபந்தனையை அவனுக்கு ஆசிரியர் வாயாற் சொல்லிவிடுவார். சொல்ல ஆளில்லாத மாணவனுக்கே நூலின் ஒவ்வொரு மௌனமும் இழப்பாகிறது. ஆகவே யாருக்காக மெல்லிய நூல்கள் எழுதப்படுவதாகக் கூறப்படுகிறதோ அவர்களையே அவை மிகவும் ஏமாற்றுகின்றன. மீட்டல் நூலை ஒழிக்க வேண்டும் என்பது எமது கோரிக்கையன்று. ஆசிரியர் இல்லாத இடத்தில் ஆசிரியராக நிற்கும் நூல், ஆசிரியர் உள்ள இடத்து நூலைவிடத் தடித்ததாக, பொறுமையாகப் பேசுவதாக, காரணம் கூறுவதாக இருக்க வேண்டும். அத்தகைய நூலை இலாபத்தை நோக்கும் வெளியீட்டாளர் தானாக அச்சிடமாட்டார். இலவசப் பாடநூல் திட்டம் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தரங்களுக்கும் நீடிக்கப்படல் வேண்டும். உடனடியாக எல்லாப் பாடங்களுக்கும் இயலாதாயின், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பாடசாலை நூலகத்துக்கும் வகுப்பொன்றுக்குப் பத்துப் பிரதிகளேனும் வழங்கலாம். தமிழ் நூல்கள் மூலத்திலேயே தமிழில் எழுதப்படுவதும், மொழிபெயர்ப்பு தவிர்க்கவியலாத இடத்து விடயமறிந்த ஆசிரியர் ஒருவரால் வகுப்பறையிற் படித்துக்காட்டிச் சரிபார்க்கப்படுவதும் இதனோடு சேர வேண்டியவை.

அரசு செய்யும்வரை காத்திராமல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் செய்யக்கூடிய காரியமும் உண்டு. நாவலுக்கும் கவிதைத் தொகுதிக்கும் ஒதுக்கும் மதிப்புரைப் பக்கங்களிலே நான்கை உயர்தர நூல்களுக்கு ஒதுக்கலாம். விஞ்ஞான பீடத்தாரும் கலைப்பீடத்தாரும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு பாடத்தை எடுத்து, சந்தையில் உள்ள தமிழ் நூல்கள் அனைத்தையும் வாசித்து, எந்நூலில் எவ்வத்தியாயம் நன்று, எது தவிர்க்கத்தக்கது என்று பெயர் குறிப்பிட்டு எழுதலாம். ஒரே நூலில் ஒளியியல் சிறந்தும் மின்னியல் சீர்கெட்டும் இருத்தல் கூடும் என்பதால், முழு நூலுக்கும் ஒரே தீர்ப்பு வழங்குவதைவிட அத்தியாயம் அத்தியாயமாக மதிப்பிடுதலே மாணவருக்கு உதவும். அம்மதிப்புரையை அச்சிற் படிக்க முடியாத பாடசாலைகளுக்குத் தட்டச்சுப் பிரதியாகவோ கைப்பேசி வழியாகவோ அனுப்புவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பௌதிகவியலில் இதனைத் தொடங்கலாம் என்பது எமது எண்ணம். இயக்கவியல் அத்தியாயங்கள் முதலில் எடுக்கப்படும். பாடசாலை ஆசிரியர்கள் தம் வகுப்பிலே மாணவர் பயன்படுத்தும் நூல்களின் பெயரையும் பதிப்பாண்டையும், அவற்றில் மாணவர் இடறும் பக்கங்களையும் குறித்து அனுப்புவார்களாயின் வேலை விரைவாகும்.